அச்சுத் துணியில் ஒரு சின்னக் கோதடி

நம் சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதித் தருவது ரயில் சம்பந்தமான ஏதாவது ஒன்று. இந்த முறை ஊசி நூல் பற்றி எழுதுகிறேன் என்றதும் ஆசிரியர் குழு அன்பர் தொலைபேசியில் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "சார், அப்படியானால் மகளிர் பக்கத்தில் போடவா?" என்று கேட்டார். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். 1915-இல் தொடங்கிய மாட்டுங்கா கேரேஜ் ஒர்க்ஷாப்பில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கே டிரிம்மிங் ஷாப் என்று ஒரு பிரிவு உண்டு. ரயில் பெட்டி இருக்கைகளுக்கு ரெக்சின் வெட்டுவது, உறை தைப்பது எல்லாம் அங்கேதான். நான் சேர்ந்த காலத்தில் அங்கே தையல் மெஷின் மிதித்தவர்கள் அத்தனை பேரும் மீசை வைத்த ஆண்கள். ஆகவே எனக்கு இதில் கூச்சம் ஏதும் இல்லை.

கோதடி என்பது மராத்திச் சொல். பம்பாயில் (மும்பை என்று 1995-இல் பெயர் மாறியும் என் வாயில் இன்னும் பம்பாய்தான் வருகிறது) வாழ்ந்த நம்மவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவது. வங்காளத்தில் இதுவே காந்தா, பீகாரில் சுஜனி, ராஜஸ்தான், சிந்துப் பக்கம் ரல்லி. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் செய்வது கவந்தி. மற்றவர்கள் நடுவிலிருந்து தைத்து ஓரத்துக்கு வந்தால், சித்திப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் ஒரு பூ வைக்காமல் கவந்தியை முடிக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பார்த்தேன். காந்தாவும் நம்முடைய 'கந்தை'யும் ஒரே வேர்தான். நாம் அந்தச் சொல்லைக் கிழிசலுக்கு மட்டும் வைத்துக்கொண்டுவிட்டோம். துணியோடு துணி ஒட்டித் தைக்கும் வேலை நம்மிடம் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த வேலைதான் அது. ஆனால் வீட்டுப் போர்வை என்ற வகையில் பெயர் கிடைக்கவில்லை. கோதடி என்றே எழுதுகிறேன்.

நான் சொல்லித் தரப்போவது போர்த்திக்கொள்ளும் கோதடி அல்ல. 46 சென்டிமீட்டர் சதுரத்தில், சுவரில் மாட்டுவதற்கானது. போர்வையைச் சுவரில் மாட்டுவதா என்று கேட்கலாம். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் கோதடிகளை ஓவியம் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தது. அதன்பிறகு உலகெங்கும் கலைஞர்கள் சுவருக்கென்றே தைக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2015-இல் நம் தாராவியில் 'ஸ்நேஹா' தொண்டு நிறுவனம் நடத்திய 'அலே கல்லி பினாலே' கண்காட்சியில், தாராவிப் பெண்கள் துணித் துண்டுகளால் தாராவியின் வரைபடத்தையே தைத்து வைத்தார்கள். வீடுகளுக்குள் பெண்கள் படும் அடி உதையை எந்தச் சந்தில், எந்த மூலையில் என்று அதில் காட்டியிருந்தார்கள். வாயால் சொல்ல முடியாததை ஊசியால் சொல்லிவிட்டார்கள். நான் வளர்ந்த சந்துகள் அவை.

இனி, நான் ஏன் ஊசியைக் கையில் எடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் காலமானபின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பதினொரு சேலைகள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் குஜராத்தி வாக்ரிப் பெண்கள் செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு இன்றும் வருகிறார்கள். பாதிச் சேலைகளாவது தூக்குவாளியாகவும் தாம்பாளமாகவும் மாறியிருக்கும். நான்தான் வேண்டாம் என்று நிறுத்தினேன். சேலைகளுக்கு அடியில், பெட்டியின் தகரத்தோடு ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை லாங்க்ளாத் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. விரித்தால், நீல மையில் ஒரு மில்லின் முத்திரை. பெயர், எண், கெஜம். முத்திரை சற்றே சாய்ந்து விழுந்திருந்தது.

அப்பா அந்த மில்லில் போல்டிங் டிபார்ட்மென்டில் இருந்தவர். நெய்து, சலவை ஆகி வரும் துணியை அளந்து, மடித்து, முத்திரை குத்தி வெளியே அனுப்பும் இடம் அது. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அப்பாவும் வந்தார். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அப்பாவைப் பொறுத்தவரை அது அவர் இறக்கும்வரை முடியவில்லை. மில்லைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அம்மா இந்தத் துண்டை எப்போது, எதற்காக எடுத்து வைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

தாராவி கிராஸ் ரோட்டில் இருக்கும் என் அக்காவிடம் யோசனையைச் சொன்னேன். "ஏலே, அம்மை சேலையில கத்திரி வைக்கப் போறியா?" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

அக்காவின் பேச்சைக் கேட்காமல் வேலையைத் தொடங்கினேன். முதல் கோதடிக்கு அம்மாவின் சிவப்பு மதுரைச் சுங்குடியையும், சின்னப் பூப்போட்ட வெள்ளை வாயில் புடவையையும் வெட்டினேன். எங்கள் மாடியில் இருக்கும் மராத்திய மாவ்ஷி ஓட்டுத் தையல் கற்றுத் தந்தார். மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தேன். முடிந்ததும் சாக்குக்கட்டிக் கோடுகள் போகட்டும் என்று வாளியில் நனைத்தேன். கால் மணி கழித்துப் பார்த்தால் வாளித் தண்ணீர் சிவப்பு. வெள்ளை வாயில் முழுவதும் ரோஸ். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை அந்தச் சேலையை எப்பவும் தனியாத்தானே நனைப்பாங்க, நீங்க பார்த்ததே இல்லையா?" என்றாள். ஒரே வீட்டில் அத்தனை வருடம் இருந்தும் நான் பார்த்ததில்லை.

வெட்டிய துணியை ஒட்ட முடியாது. ஆகவே வாசகர்களுக்கு என் முதல் பாடம் கத்திரியைப் பற்றியது அல்ல, சோதனையைப் பற்றியது. ஒர்க்ஷாப்பில் எந்தப் பாகத்தையும் சோதிக்காமல் வண்டியில் பூட்ட மாட்டோம். வீட்டில் மட்டும் அந்தப் புத்தி வரவில்லை.

சாயச் சோதனை மிக எளிது. சேலையின் உள்முனையில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், உள்ளங்கை அளவு இடத்தை நனையுங்கள். ஒரு வெள்ளைப் பருத்தித் துணியையும் நனைத்து அதன்மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அரை நிமிடம் அழுத்துங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அது சாயம் போகும் துணி. அதைத் தனியாக மூன்று நான்கு முறை தண்ணீர் தெளியும்வரை அலசி, மறுபடி சோதியுங்கள். அப்போதும் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். இதற்கு விதிவிலக்கே இல்லை.

ஏன் சில துணியில் சாயம் போகிறது, சில துணியில் நூறு வருடமானாலும் போவதில்லை? இந்தக் கேள்வியைத் தேடிப் போனபோதுதான் நம் சோழமண்டலக் கரைச் சீட்டித் துணியின் கதைக்கு வந்தேன். 1742-இல் பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ என்பவர் நம் கடற்கரைச் சாயக்காரர்களின் வேலைமுறையை விசாரித்து ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். (சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் உறவு இருப்பதை எழுதிய பாதிரியாரும் இவரே.) முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பக்குவப்படுத்தும். பாலின் கொழுப்பு, மேலே வரையும் நீர் பரவாமல் தடுக்கும். பிறகு சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் வரைவார்கள். கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பை ஊறவைத்த நீரால் வரைவார்கள். அதன்பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சாயம் உலோக உப்போடு கட்டுண்டு நூலுக்குள் தங்கிவிடும். படாத இடத்தில் ஏறிய நிறம் அலசலிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். அந்தக் கட்டு இல்லாத சாயம்தான் வாளித் தண்ணீரில் இறங்கி வருகிறது.

துவைத்தாலும் போகாத அந்த நிறத்துக்காக ஐரோப்பா பைத்தியமாக அலைந்தது. தங்கள் நெசவாளர்கள் பிழைக்க வேண்டும் என்று பிரான்ஸ் 1686-இல் சீட்டித் துணியைத் தடை செய்து, 1759-இல்தான் தடையை நீக்கியது. இங்கிலாந்தும் 1701-இலும் 1721-இலும் சட்டம் போட்டுத் தடுத்தது. தடை இருந்தும் பெண்மணிகள் துண்டு துண்டாகச் சேர்த்துக் கோதடிகள் தைத்துவிட்டார்கள். இந்தியச் சீட்டியில் தைத்த பழைய கோதடிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் துணி. உங்கள் வீட்டுப் பழைய சேலைகளே போதும். அறுபது எழுபதுகளில் வாங்கிய வாயில் புடவை இருந்தால் விடாதீர்கள். பைகுல்லாவின் கட்டாவ் மில் வாயில் என்றால் அந்தக் காலத்தில் தனி மதிப்பு. அந்த அச்சுப் பூக்களைப் போட்ட மில்கள் இன்று இல்லை. சேலை இல்லாதவர்கள் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் அச்சுப் பருத்தித் துணி அரை மீட்டர் அரை மீட்டராக வாங்கலாம். தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் உறவினர் இருந்தால் வெட்டிய மிச்சமான 'சிந்தி'யைக் கேட்டு வாங்குங்கள். அங்கே அது கிலோ கணக்கில் போகும் சரக்கு. ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணிபோலத் திரண்டால் பாலியஸ்டர்; அதை ஒதுக்குங்கள். இஸ்திரிச் சூட்டில் இரண்டும் ஒத்துப்போகாது.

முத்திரை குத்த வெள்ளைக் காடாத் துணி முக்கால் மீட்டர் வேண்டும். புதுக் காடாவில் பசை இருக்கும். வாஷிங் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசாவிட்டால் வண்ணம் உள்ளே இறங்காது. சுருக்கத்தையும் அளந்துவிடுங்கள்: துணியில் பென்சிலால் 10 சென்டிமீட்டர் சதுரம் போட்டு, நனைத்துக் காயவைத்து, மறுபடி அளங்கள். எனக்குக் கிடைத்த காடா நீளவாட்டில் 6 மில்லிமீட்டர் சுருங்கியது. பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்திருக்கும். சுருங்காததையும் சுருங்குவதையும் சேர்த்துத் தைத்தால் முதல் நனைப்பிலேயே கோதடி அப்பளம் போல வளையும்.

இனி அச்சு. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் பேத்தாபூர் என்ற ஊரில் தேக்கு மரத்தில் செதுக்கும் அச்சுக்கட்டைகள் பெயர் பெற்றவை. தேய்ந்த கட்டைகள் சில சமயம் நம் சோர் பஜாரிலும் கிடைக்கும். ஆனால் செலவே வேண்டாம் என்பேன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. உருளைக்கிழங்கை வெட்டிச் செதுக்கினால் எந்த உருவமும். அச்சு முறுக்கு சுடும் இரும்பு அச்சு இருக்கிறதே, அதைவிட அழகான பூ எந்த ஊர் மரக்கட்டையிலும் நான் பார்க்கவில்லை. ஒரே எச்சரிக்கை: எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் துணி கெடும், சோடாவில் கொதிக்கவையுங்கள். வண்ணம் பட்ட அச்சு மறுபடி எண்ணெய்ச் சட்டிக்குப் போகவும் கூடாது. பழையது ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். என் பங்குக்குப் பெட்டியில் கிடந்த ஆறுமூலை நட்டும் வாஷரும் எடுத்தேன். நட்டு மூன்றைச் சேர்த்துக் குத்தினால் தேன்கூடு. என் பேத்திக்கு வெண்டைக்காய். தமிழில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவைப்பது இந்தக் குழந்தையிடம் பெரும்பாடு. அன்றைக்கு இரண்டு மணி நேரம், "தாத்தா, இன்னும் கொஞ்சம் பச்சை", "தாத்தா, இது வழுக்குது" என்று தமிழிலேயே ஓடியது.

கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் துணி வண்ணம், உதாரணமாக ஃபெவிக்ரில், மேலே சொன்ன சாயவேர் மாதிரியான சாயம் அல்ல. நிறப்பொடியும் பசையும் கலந்தது. நூலின் மேல் ஒட்டி நிற்பது. ஆகவே நீர் விட்டு நீர்க்க வைக்கக் கூடாது. ஒரு தட்டில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் வண்ணத்தைத் தடவி, அச்சை அதில் ஒற்றியெடுங்கள். அச்சை வண்ணத்தில் முக்கினால் ஓரம் வழிந்து அசிங்கமாகும். மேஜைமேல் பழைய கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் காடாவை விரித்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே அழுத்து. ஆட்டக் கூடாது. கம்பளி இல்லாமல் வெறும் பலகையில் குத்தினால் அச்சின் நடுப்பாகம் பதியாது. முதல் இருபது அச்சைக் கந்தைத் துணியில் குத்திக் கையைப் பழக்குங்கள். துணியை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் நான்கைந்து நிமிடம் காய்ந்த இஸ்திரி போடுங்கள். அந்தச் சூட்டில்தான் பசை இறுகும். அதன்பின் மூன்று நாள் நனைக்காதீர்கள்.

வெட்டுவதற்கு வருகிறேன். ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 சதுரம். ஒவ்வொன்றும் 8.2 சென்டிமீட்டர். தையலுக்குப் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் போனால் மிஞ்சுவது 7 சென்டிமீட்டர். ஐந்து சேர்ந்தால் 35. சேலையில் பாவும் ஊடையும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்து, அவற்றுக்கு நேராகவே வெட்டுங்கள். குறுக்குவாட்டில் வெட்டிய துண்டு இழுத்த இழுப்புக்கு நீளும். வாயில் மிக மெல்லியது. கீழே ஒரு மல் துணியைச் சேர்த்து இரண்டடுக்காக வெட்டினால் நெளியாது. ஸ்டீல் ஸ்கேலும் கூரான பென்சிலும் கட்டாயம் வேண்டும். இஞ்சி டேப்பை நம்பாதீர்கள், அது வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும்.

இந்த அளவுக் கண்டிப்பு எதற்கு என்று என் மனைவியே கேட்டாள். ரயில் சக்கர ஜோடியின் உள்முகங்களுக்கு நடுவே அகலப்பாதையில் 1600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 2 கூடலாம், 1 குறையலாம், அவ்வளவுதான். துணி அவ்வளவு கறார் பார்க்காது. ஆனால் தவறு சேரும். தையலில் பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு தையலுக்கு 2. ஒரு வரிசையில் நான்கு தையல், ஆக 8 மில்லிமீட்டர். அடுத்த வரிசையில் தவறு எதிர்ப்பக்கம் போயிருந்தால் இரண்டு வரிசையும் 16 மில்லிமீட்டர் விலகி நிற்கும். மூலைகள் சேரவே சேரா. உஷா மெஷினோ கையோ, ஒவ்வொரு தையலுக்கும் பென்சில் கோடு போட்டுத்தான் தைக்க வேண்டும். முதலில் வரிசை வரிசையாகத் தைத்து, முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கொக்கி போல முட்டி நிற்கும். மூலை தானாகச் சேரும். சுற்றிலும் 6.2 சென்டிமீட்டர் அகலத்தில் ஓரப்பட்டை.

என் இரண்டாவது கோதடியில் நடு ஒன்பது சதுரத்தின் இடத்தை விட்டுவிட்டு, அங்கே 22.2 சென்டிமீட்டரில் அப்பாவின் மில் முத்திரையை வைத்தேன். சுற்றிலும் 16 சதுரம். ஒன்று விட்டு ஒன்று அம்மாவின் வாயில், பேத்தியும் நானும் குத்திய காடா. இந்த முறை சோதிக்காமல் தொடவில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து முத்திரையின் ஒரு ஓரத்தில் ஒற்றினேன். பஞ்சு நீலமாயிற்று. ஆக அந்தத் துண்டை ஒருபோதும் நனைக்க முடியாது. பழுப்பேறியது பழுப்பாகவே இருக்கட்டும் என்று அப்படியே வைத்து, அதன்மேல் தூசு படாமல் அம்மாவின் பூவில்லாத வெள்ளை வாயிலில் ஒற்றை அடுக்கு போட்டு மூடினேன். வாயிலின் வழியே முத்திரை மங்கலாகத் தெரிகிறது. இந்தக் கோதடிக்கு வாளி கிடையாது. கோடு போடச் சாக்குக்கட்டியும் கிடையாது. கோட்டுக்குப் பதில் நூலை இழுத்துக் குண்டூசி குத்திக்கொண்டேன்.

கோதடி என்றால் மூன்று அடுக்கு. மேலே தைத்த முகம், கீழே ஏதாவது ஒரு பருத்தித் துணி, நடுவே திணிப்பு. பஞ்சு வேண்டாம். பம்பாய் மழைக்காலத்தில் பஞ்சு ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய பிளானல் ஒரு அடுக்கோ, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி இரண்டு மூன்று அடுக்கோ போதும். நான் அப்பாவின் வேட்டியை வைத்தேன். வெளியே தெரியாது. கீழ்த் துணியும் திணிப்பும் முகத்தைவிடச் சுற்றிலும் 3 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். கீழ்த் துணியைத் தரையில் இழுத்து நான்கு பக்கமும் ஒட்டு டேப்பால் ஒட்டி, மற்றவற்றை மேலே விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்சத்திரம் போலப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். இதை அவசரப்பட்டு முடித்தால் பின்பக்கம் சுருக்கம் விழும். பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அதன்பிறகுதான் மாவ்ஷியின் ஓட்டுத் தையல். இரட்டை நூல் வேண்டாம், ஒற்றை நூல், ஒரு முழத்துக்கு மேல் நீளம் வேண்டாம். முடிச்சை மேல் துணிக்கு அடியில் இழுத்து மறைத்துவிடுங்கள். தையல் 3, 4 மில்லிமீட்டர். கோட்டுக்குக் கோடு ஒன்றரை சென்டிமீட்டர். நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். ஊசி கீழ்த் துணியைத் தொட்டதை இடது கை விரல் நுனி சொல்ல வேண்டும். முதல் வாரம் விரல் புண்ணாகும். முத்திரையின் மேல் நான் ஒரு தையலும் போடவில்லை. அதைச் சுற்றி மட்டும் நான்கு சதுரச் சுற்று.

ஓரத்துக்கு 4 சென்டிமீட்டர் அகலப் பட்டி வெட்டி, முகத்தின் பக்கம் மெஷினில் தைத்து, பின்னால் மடித்துக் கையால் தையுங்கள். மூலையில் பட்டியை ஒரு முறை மேலே மடித்து, மறுபடி கீழே மடித்தால் சாய்கோட்டில் படியும். காகிதத்தில் இரண்டு தடவை மடித்துப் பார்த்துவிட்டுத் துணிக்கு வாருங்கள், எழுத்தில் இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் மேல் ஓரத்தில் 6 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழல் தைத்து, மூங்கில் குச்சி செருகி மாட்டலாம். ஆணியை நேராகக் கோதடியில் அடிக்காதீர்கள். பின்னால் ஒரு மூலையில் யார் யார் துணி, யார் தைத்தது, எந்த வருடம் என்று அழியாத மையில் தமிழில் எழுதித் தையுங்கள். எங்களுடையதில் எழுதியது பேத்தி. 'ழ' மட்டும் தலைகீழ், அப்படியே விட்டிருக்கிறோம்.

தீபாவளிக்கு அக்கா வந்திருந்தாள். சுவர் அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அப்பா கையால குத்துன முத்திரைலே இது" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அப்பாவுக்கு வலது மணிக்கட்டு சிறு வயதில் முறிந்து சேர்ந்தது; எதைக் குத்தினாலும் இடப்பக்கம் சாயும், ஃபோர்மன் திட்டுவாராம், சாய்ந்து விழுந்த துண்டை வெட்டிவிட்டு மறுபடி குத்துவாராம். அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னதில்லை. போகும்போது அக்கா பையிலிருந்து தன் பழைய சுங்குடி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "தனியா நனைச்சுப் பார்த்துட்டு வெட்டு" என்றாள்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. நேர் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். மாதம் ஒரு முறை மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். ஜூன் முதல் வாரம் மழை இறங்குமுன் கழற்றி, மடிக்காமல் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் அல்லாமல் பழைய வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அக்டோபரில் வெயில் திரும்பியதும் நிழலில் ஒரு நாள் காற்றாட விரித்துவிட்டு மறுபடி மாட்டலாம்.